விருந்துத் தூணில் தொங்கிய பெட்டி

"மூணு மலை தாண்டணுமாம்! கூட வர்றதுக்கு உங்க ஊர்ல தைரியமான ஆள் யாராவது உண்டான்னு துரை கேக்குறார்!"

நாச்சியப்பன் இப்படி மொழிபெயர்த்து முடித்ததும் மோரே கடைத்தெருவில் இருந்த தைரியசாலிகள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் அவசர வேலை வந்துவிட்டது. பர்மா நூடுல்ஸான அத்தோ விற்கும் கடைக்காரர் எரிந்துகொண்டிருந்த அடுப்பை மறுபடி பற்றவைக்கப் போனார். வாலிபர் சங்கத் தலைவருக்குத் திடீரென்று முதுகு பிடித்துக்கொண்டது. பைக் பட்டறையில் ஒரு சீன வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்த பாத்திமுத்து மட்டும் தலையை வெளியே நீட்டினாள்.

"எந்த மலைடா?"

"ஹெய்மு மலைக்கா."

"நான் வர்றேன்" என்று எழுந்து ஸ்பேனரைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அவளுக்குக் காரணம் இருந்தது. அவளுடைய தம்பி சையது எல்லைக்கு அப்பால் உப்பும் மருந்தும் ஏற்றிக்கொண்டு லாரி ஓட்டிப் போனவன். ஹெய்மு மலையடியில் லாரி படுத்துவிட்டது. ஹெய்மு மலைப்படை அவனைப் பிடித்து மேலே கொண்டு போய்விட்டது. 'கைதி' என்று அவர்கள் சொல்லவில்லை. 'விருந்தாளி' என்றார்கள். திரும்பிப் போக முடியாத விருந்தாளி.

மோரே மணிப்பூரின் எல்லையில் இருக்கும் ஊர். பர்மாவை விட்டு வந்த தமிழர்களில் சிலர் தமிழ்நாட்டில் ஒட்டாமல் மறுபடி பர்மாவுக்கே நடந்தார்கள். பர்மாக்காரர்கள் உள்ளே விட மாட்டோம் என்றார்கள். சரி என்று எல்லைக் கதவுக்கு இந்தப் பக்கமே கடை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அரசாங்கங்களின் கொள்கை மாறினால் நடுவில் நிற்பவன் கதி என்ன என்பது இந்த ஊருக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லாத விஷயம். நாச்சியப்பன் இம்பால் கல்லூரியில் அதைப் பாடமாகவே எடுத்துப் படித்தான். 'சர்வதேச உறவுகள்' தாளில் இரண்டு முறை தோற்றிருந்தான். எனவே மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு அவனைவிடத் தகுதியானவன் கிடையாது.

துரையின் பெயர் ஹால்வர்சன். வெகு தூரத்தில் உள்ள ஒரு பணக்கார நாட்டின் போதை ஒழிப்புத் திட்ட அதிகாரி. கசகசாச் செடி இருக்கிறதே, அதன் விதையைக் குருமாவில் அரைத்துவிட்டால் சமையல். அதன் காயைக் கத்தியால் கீறி வடியும் பாலைச் சுரண்டினால் அபின். அபினை விற்றுத் துப்பாக்கி வாங்கினால் அரசியல். இந்த மூன்றாவதை ஒழிக்கத்தான் துரையின் நாடு எல்லைக்கு அப்பால் ஆளும் தளபதிகளுக்கு ஹெலிகாப்டர்களை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தது. தளபதிகளும் நன்றியுடன் வாங்கி, தங்களுக்குப் பிடிக்காத மக்கள் எங்கெல்லாம் வாழ்ந்தார்களோ அங்கெல்லாம் ஓட்டிப் பார்த்தார்கள்.

ஹெய்மு மக்கள் பிடிக்காத மக்கள் பட்டியலில் இருந்தார்கள். அவர்களுடைய தலைவர் கர்னல் எசேக்கியேல் ரேடியோவில் ஒரு சவால் விட்டார்: "நாங்கள் கசகசாவை விட்டுவிட்டோம். மலையில் மிச்சம் இருக்கும் அபின் முழுவதையும் வெளிநாட்டார் கண் முன்னால் கொளுத்துகிறோம். வந்து பாருங்கள். எங்களைப் போதைக் கும்பல் என்று சொல்வதை நிறுத்துங்கள். விதை கொடுங்கள், ஓர் ஆஸ்பத்திரி கொடுங்கள். வெளிநாட்டார் வந்து சேர்ந்த அன்றே தமிழ் டிரைவரை வீட்டுக்கு அனுப்புகிறேன்."

தரையில் புதைத்த புதையலைத் தேடிப் போனவர்கள் உண்டு. எரிக்கப் போகும் புதையலைப் பார்க்கப் போன முதல் கூட்டம் இதுதான்!

இரண்டு பைக்குகள் எல்லையைத் தாண்டிப் பறந்தன. பாத்திமுத்துவின் பின்னால் துரை, இன்னொன்றில் நாச்சியப்பன். தேக்குக் காடு, செம்மண் புழுதி, ஆற்றின் குறுக்கே ஒற்றைப் பலகைப் பாலம்! பாலத்தின் நடுவில் பலகை கிரீச்சிட்டது. துரை கண்ணை மூடிக்கொண்டார்.

"அசையாதீங்க தொரை! விழுந்தா உங்களுக்கு உங்க நாடு கொடியைப் போர்த்தும். எனக்கு என் பட்டறைச் சாக்குதான்" என்று கத்தியபடி ஆக்சிலேட்டரை முறுக்கினாள் பாத்திமுத்து. பைக் அக்கரையில் குதித்து நின்றது.

அங்கே ஒரு சோதனைச் சாவடி. தளபதிகளுக்கு ஆதரவான 'மக்கள் காவல் படை'யின் சாவடி. அதன் அருகில் ஓர் அழகான பெரிய பலகை நின்றது. துரையின் நாட்டுக் கொடி, கைகுலுக்கும் இரண்டு கைகள், கீழே 'போதையற்ற மண்டலம்' என்ற எழுத்து. பலகைக்குப் பின்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கசகசா பூத்துக் குலுங்கியது.

"துரை, அது..." என்று ஆரம்பித்தான் நாச்சியப்பன்.

"அது நம் வரைபடத்தில் இல்லை" என்றார் துரை. "காவல் படை நம் கூட்டாளி. கூட்டாளிகளின் நிலம் கணக்கெடுப்பில் வராது."

"முன்னாடி கொஞ்சம் அழிச்சுத்தான் வச்சிருக்காங்க" என்று பாத்திமுத்து சாலையோரமாக மிதித்துச் சாய்க்கப்பட்டிருந்த ஒரு துண்டு வயலுக்குள் இறங்கினாள். போட்டோ எடுப்பதற்குத் தோதான துண்டு. ஒரு காய்ந்த காயைப் பறித்துத் திருப்பினாள். அதன் மேல் வரிவரியாகக் கத்திக் கீறல்.

"பாரு நாச்சி. பாலைக் கறந்துட்டு அப்புறமா மாட்டைத் தண்டிச்சிருக்காங்க!"

அதற்குள் துரையின் செயற்கைக்கோள் போன் அடித்தது. அவர் தள்ளிப் போய்ப் பேசினார். அதிகம் பேசவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. காவல் படைத் தலைவர் சிரித்த முகத்துடன் ஒரு பச்சைப் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். இஸ்திரிப் பெட்டி அளவு, வாரோடு.

"மழை அளக்கும் கருவி" என்றார் துரை. "ஹெய்மு மக்களுக்கு நம் நன்கொடை. விவசாயத்துக்கு உதவும். எனக்குத் தோள் வலி. நீ சுமந்து வருகிறாயா?"

பாத்திமுத்து வாங்கி முதுகில் மாட்டிக்கொண்டாள். 'என்ன கனம்! உள்ளே முழுக்க பேட்டரிதான் போல' என்று நினைத்தாள். நினைத்ததோடு விட்டுவிட்டாள். தம்பியைப் பார்க்கப் போகும் அவசரம்.

மலையடியில் பைக்குகளை மூங்கில் புதருக்குள் மறைத்துவிட்டு ஏறினார்கள். அட்டைகள்! காலில், கழுத்தில், துரையின் காதுக்குள்! மூன்றாவது மலையின் உச்சியில், துப்பாக்கி ஏந்திய நால்வர் மரத்திலிருந்து குதித்தார்கள்.

"நில்லு! தூக்கு கையை! மெதுவா! உடைச்சிடாதே!" என்று ஒரு குரல் தமிழில் அதட்டியது.

கர்னல் எசேக்கியேல்தான். வாலிபத்தில் மோரேயில் ஒரு தமிழ்க்காரர் கிடங்கில் மூட்டை தூக்கியவர். அவருக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் கிடங்குத் தமிழ். போர் நடத்த அது போதுமானதாக இருந்தது.

ஊரின் நடுவில் ஒரு கூரைவீடு. அதன் நடுவில் ஆள் கட்டிப் பிடிக்க முடியாத பருமனில் ஒரு மரத்தூண். கர்னல் பர்மிய மொழியில் பெருமையாக விளக்க, நாச்சியப்பன் மொழிபெயர்த்தான்.

"இது விருந்துத் தூண். வர்ற விருந்தாளி தன் சுமையை இதுல மாட்டணும். உள்ள என்ன இருக்குன்னு ஹெய்முக்காரன் பார்க்க மாட்டான், அது மரியாதை இல்ல. போகும்போது மாட்டின கைதான் இறக்கணும். திரும்பி வருவேன்னு நினைக்கிற விருந்தாளி ஒரு பொருளை மட்டும் விட்டுட்டுப் போவான். அதுதான் அவன் வாக்கு. வேற யாரும் அதைத் தொடக்கூடாது."

தூணில் ஏற்கெனவே சில வாக்குகள் தொங்கின. ஒரு பாதிரியாரின் குடை. யுத்த காலத்து ஜப்பான் சிப்பாயின் தண்ணீர்க் குப்பி. துருவேறிய ஆணியில் ஒரு பித்தளைத் தூக்கு. பாத்திமுத்து அதன் விளிம்பில் வெட்டியிருந்த பெயரைத் தடவிப் படித்தாள். 'சி.மு. வள்ளியம்மை.' ரங்கூனில் குண்டு விழுந்தபோது நடந்தே இந்தியாவுக்குப் போன கூட்டத்தில் யாரோ ஒருத்தி.

"இவங்கள்ல யாராவது திரும்பி வந்தாங்களா?"

"இன்னும் இல்லை" என்றார் கர்னல். அந்த 'இன்னும்' என்ற சொல்லில் சந்தேகமே இல்லை.

பாத்திமுத்து பச்சைப் பெட்டியைத் தூணில் மாட்டிவிட்டு ஓடினாள். பக்கத்துக் குடிசையில் மூன்று கம்பளிக்குக் கீழே ஒரு மூக்கு தெரிந்தது.

"லாத்தா!" என்று அக்காவைக் கூப்பிட்டது மூக்கு. "லாரி எப்படி இருக்கு?"

"லாரியாடா கேக்குற? உனக்கு என்ன?"

"மலேரியா. இங்க குளிருதா, எனக்குக் குளிருதான்னு தெரியல. ஆனா கவனிப்பு குறையில்ல. இவங்க ஜெனரேட்டரைச் சரி பண்ணிக் கொடுத்தேன், கர்னல் அவர் பொண்ணையே கட்டி வைக்கிறேன்னார்."

"நீ என்ன சொன்ன?"

"காய்ச்சல் வந்துருச்சு."

மதியம் மைதானத்தில் மலை முழுவதும் கூடியது. வீடு வீடாக அபின் வந்தது. வாழைச்சருகில் சுற்றிய உருண்டைகள், மூங்கில் குழாய்கள், பெண்களின் சீதனப் பானைகள். அதுதான் அவர்களுக்கு வங்கி, மருந்து, பிள்ளையின் படிப்பு. ஒரு கிழவர் தன் மனைவியின் இருமலுக்கென்று வைத்திருந்த சிறு உருண்டையைக் குவியலில் போட்டார். ஒரு தடவை திரும்ப எடுத்தார். மனைவி அவரைப் பார்த்தாள். மறுபடி போட்டுவிட்டார். கர்னல் டீசலை ஊற்றித் தீ வைத்தார். கரும்புகை எழுந்தது. யாரும் கைதட்டவில்லை. துரை படம் எடுத்தார்.

"இனி எங்கள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுப்பீர்கள் இல்லையா?" என்று கேட்டார் கர்னல்.

"என் அரசு இதை மிகவும் பாராட்டுகிறது" என்றார் துரை.

நாச்சியப்பன் அதை மொழிபெயர்த்தபோது 'ஆமாம்' என்ற சொல் எங்கும் வரவில்லை என்பதைக் கவனித்தான். இரண்டு முறை தோற்றவனுக்கே அது தெரிந்தது.

துரை உடனே கிளம்ப வேண்டும் என்றார். சையதுவால் நடக்க முடியாது. "காய்ச்சல் விட்டதும் நாளைக்குக் குதிரையில் அனுப்புகிறேன்" என்றார் கர்னல். பாத்திமுத்து தங்கப் பார்த்தாள். துரை விடவில்லை. பைக் ஓட்ட ஆள் வேண்டும், கீழே போனதும் சையதுவுக்கு அரசாங்க ஜீப்பே ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். பையை எடுத்துக்கொண்டார். பச்சைப் பெட்டியை மட்டும் தூணிலேயே விட்டார்.

ஊரே ஆர்ப்பரித்தது! வெளிநாட்டார் வாக்குக் கொடுத்துவிட்டார்! திரும்பி வருவார்! கர்னல் எசேக்கியேல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிழவரின் மனைவி இருமிக்கொண்டே சிரித்தாள்.

முதல் மலையிறக்கத்தில் ஓர் ஓடை. அங்கே நின்று தண்ணீர் குடிக்கும்போது லேசாகத் தூறியது. பாத்திமுத்து உள்ளங்கையை நீட்டித் துளிகளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நாச்சி, துரைகிட்ட ஒண்ணு கேளு. அந்தப் பெட்டி மூடி முழுக்க ரப்பர் வச்சு இறுக்கியிருந்துச்சே. மழை அளக்குற பெட்டிக்குள்ள மழை எந்த வழியாப் போகும்?"

நாச்சியப்பன் கேட்டான். துரை ஷூவின் நாடாவைக் கட்ட ஆரம்பித்தார். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

"தொரை!" பாத்திமுத்துவின் ஸ்பேனர் அவருடைய மூக்கின் முன் நின்றது.

"கொள்கை மாறிவிட்டது" என்றார் ஹால்வர்சன், மிகவும் மெதுவாக. "சாவடியில் வந்த போன். தளபதிகளோடு என் நாடு புது ஒப்பந்தம் போட்டுவிட்டது. அவர்களுடைய எதிரிகளோடு பேசக்கூடாதாம். அந்தப் பெட்டி சிக்னல் அனுப்பும். நாளைக் காலை பனி விலகியதும் ஹெலிகாப்டர்கள் அது இருக்கும் இடத்துக்கு வரும். நானாக முடிவு செய்ததில்லை. நான் கொள்கையை அமல்படுத்துகிறவன் மட்டும்."

"என் தம்பி அங்க படுத்திருக்கான்னு தெரியும்ல?"

"தெரியும். அறிக்கையில் வருத்தம் தெரிவிக்க ஓர் இடம் உண்டு."

நாச்சியப்பன் அதையும் மொழிபெயர்த்தான். பாத்திமுத்து துரையின் போனை வாங்கிப் பேட்டரியைக் கழற்றி ஓடையில் எறிந்தாள்.

"இங்கயே இருங்க தொரை. அட்டைங்க துணைக்கு இருக்கும். நாச்சி, ஓடு!"

ஏறினார்கள்! வந்த வழியே, மூச்சு முட்ட, முழங்கால் சிராய்க்க! பொழுது சாயும்போது ஊருக்குள் விழுந்தார்கள். விஷயத்தைக் கேட்ட கர்னல் தூணுக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டார்.

"முடியாது. அது விருந்தாளியின் வாக்கு. ஹெய்முக்காரன் இதுவரை ஒரு வாக்கை இறக்கியதில்லை."

"அது வாக்கு இல்ல கர்னல், குண்டுக்கு விலாசம்!"

"நீ பொய் சொல்லலாமே? உன் தம்பியைக் கொண்டுபோக?"

"தம்பியை நீங்களே நாளைக்கு அனுப்புறேன்னுதானே சொன்னீங்க? பொய் சொல்லி எனக்கு என்ன வரப்போகுது?"

கர்னலின் முகம் மெல்ல மெல்ல மாறியது. எரித்த குவியலின் வாடை இன்னும் காற்றில் இருந்தது. அவர் குடையைப் பார்த்தார், குப்பியைப் பார்த்தார், பித்தளைத் தூக்கைப் பார்த்தார். பல வருடமாகத் தான் சொல்லிவந்த 'இன்னும்' என்பதை அப்போதுதான் அவர் முதல் முறையாகத் தன் காதால் கேட்டவர் போல இருந்தார். ஆனாலும் வழியை விடவில்லை.

"மாட்டின கைதான் இறக்கணும்னு சொன்னீங்களே" என்றாள் பாத்திமுத்து. "துரைக்குத் தோள் வலி. மாட்டினது யாரு? இந்தக் கைதான். உங்க ஊருக்கு அதைச் சுமந்துட்டு வந்ததும் இதே கைதான். இறக்க விடுங்க."

 கர்னல் நகர்ந்து நின்றார். மூட்டை தூக்கிய கிடங்கில் கற்ற ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்தது.

"இறக்கு."

அவள் இறக்கினாள். ஊர், கிழவிகளையும் கோழிகளையும் தூக்கிக்கொண்டு காட்டுக் குகைகளுக்குப் புறப்பட்டது. சையதுவைக் கர்னலே முதுகில் சுமந்தார். "மெதுவா! உடைச்சிடாதீங்க!" என்று சையது முனகினான்.

"இதை ஆத்துல போட்டுடலாம்க்கா" என்றான் நாச்சியப்பன்.

"ஏன்டா வீணாக்கணும்? இவ்வளவு செலவு பண்ணி ஹெலிகாப்டர் அனுப்புறாங்க. கசகசா இருக்குற இடத்துக்கே அனுப்பி வைப்போம்."

நாச்சியப்பனின் முகம் மலர்ந்தது. அரசியல் அறிவியலில் முதல் முறையாக அவனுக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது!

விடியும் முன்னே மலையடியில் பைக் சீறியது. பனி தரையோடு படிந்திருந்தது. 'போதையற்ற மண்டலம்' பலகைக்குப் பின்னால், கூலியாட்கள் குனிந்து காய்களில் பால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். வயல் நடுவே காவல் படையின் அபின் கிடங்கு. காவலாள் சாவடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"ஆட்கள் இருக்காங்களேக்கா! இவங்க என்ன பாவம் செஞ்சாங்க?"

"கிளப்பு அவங்கள!"

நாச்சியப்பன் யோசித்தான். எல்லைக்கு அப்பால் எந்தக் கூட்டத்தையும் கலைக்கவல்ல ஒரே ஒரு வாக்கியம் உண்டு. அதைப் பர்மிய மொழியில், தொண்டை கிழியக் கத்தினான்.

"பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வர்றாங்க!"

கண் மூடித் திறப்பதற்குள் வயல் காலி! சுரண்டும் கத்திகள் மட்டும் மண்ணில் கிடந்தன. தேநீர் குடித்த காவலாளும் ஓடிவிட்டான், அவனுக்கும் இருபது வயதுதான்.

பாத்திமுத்து கிடங்கின் பின்சுவரில் பெட்டியை மாட்டினாள். பலகையில் இருந்த இரண்டு கைகளும் குலுக்கியபடியே பார்த்துக்கொண்டிருந்தன. பைக்கைத் திருப்பி மூங்கில் காட்டுக்குள் பாய்ந்தார்கள். பனி விலகியது. தடதடதட! இரண்டு ஹெலிகாப்டர்கள் தாழப் பறந்து வந்தன. கிடங்கு வெடித்தது. வயல் தீப்பிடித்தது. பலகை பறந்து போய் ஆற்றில் விழுந்தது. போதை ஒழிப்புக்காகக் கொடுக்கப்பட்ட ஹெலிகாப்டர்கள் போதையை ஒழித்தது அந்த வட்டாரத்தில் அதுவே முதல் முறை.

பாத்திமுத்துவும் நாச்சியப்பனும் ஓடைக்கரைக்குத் திரும்ப ஏறினார்கள். காய்ச்சல் தணிந்த சையதுவைக் கர்னலே குதிரையில் கொண்டுவந்து அங்கே ஒப்படைத்தார். துரை வீங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். அட்டைகள் தங்கள் கொள்கையைச் சற்றும் மாற்றாமல் அமல்படுத்தியிருந்தன. கர்னல் அவரைச் சுடுவார் என்று நாச்சியப்பன் பயந்தான். கர்னல் அவரிடம் ஒரு குவளை தண்ணீர் மட்டும் கொடுத்தார். "விருந்தாளி" என்றார். அந்தச் சொல்லைத் துரை தாங்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த நிமிடம் நிமிர்ந்து, எந்தப் பைக்கில் தன் இருக்கை என்று கேட்டார்.

புறப்படும் முன் பாத்திமுத்து இடுப்பிலிருந்த ஸ்பேனரை உருவிக் கர்னலிடம் நீட்டினாள். "உங்க தூண்ல மாட்டுங்க."

கர்னல் வாங்கவில்லை.  "மாட்டுகிற கை உன்னுடையதாக இருக்கணும்" என்றார்.

அவள் மறுபடி மலை ஏறினாள். குடைக்கும் தூக்குக்கும் நடுவில் மாட்டிவிட்டு இறங்கினாள்.

மோரே வெடி வெடித்து வரவேற்றது! முதுகு சரியாகிவிட்ட வாலிபர் சங்கத் தலைவர் மாலை போட்டார். அத்தோ கடையில் சையது மூன்று தட்டு காலி செய்தான். ரேடியோவில் செய்தி வந்தது. கூட்டுத் திட்டத்துக்கு வரலாறு காணாத வெற்றி, மாபெரும் அபின் கிடங்கு அழிப்பு, ஹால்வர்சனுக்குப் பதவி உயர்வு. அழிந்த கிடங்கு யாருடையது? ஹெய்மு போதைக் கும்பலுடையதாம். ஹெய்மு மக்கள் பட்டியலில் அப்படியே இருந்தார்கள். விதை வரவில்லை. ஆஸ்பத்திரி வரவில்லை. கிழவரின் மனைவிக்கு இருமல் மருந்தும் இல்லை.

நாச்சியப்பன் மூன்றாம் முறை பரீட்சை எழுதினான். 'வெளியுறவுக் கொள்கை என்றால் என்ன?' என்ற கேள்விக்குத் தான் கண்டதைச் சுருக்கமாக எழுதினான். மறுபடி தோற்றான்.

இந்தப் பயணத்தால் நாம் அறிவது: விருந்தாளியை மதிக்க வேண்டும், அவர் விட்டுச் செல்லும் பெட்டியைத் திறந்தும் பார்க்க வேண்டும்.

மழை ஓய்ந்து மலைப்பாதை திறந்ததும் பாத்திமுத்து பட்டறையைப் பூட்டினாள். பையில் இருமல் மருந்தும், மலேரியா மாத்திரையும், உருளைக்கிழங்கு விதையும் இருந்தன. "எங்கக்கா கிளம்பிட்ட?" என்று கேட்ட நாச்சியப்பனிடம், "பன்னெண்டு–பதிமூணு ஸ்பேனர் இல்லாம வேலை நிக்குதுடா, எடுத்துட்டு வந்துடுறேன்" என்றாள்.

விருந்துத் தூணின் முன்னால் ஊரே கூடி நின்றது. அந்தத் தூணிலிருந்து எந்த வாக்கும் அதுவரை உரியவர் கையால் கீழே வந்ததில்லை. எப்படி நிற்பது, கைதட்டலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. கர்னல் எசேக்கியேல் தொண்டையைச் செருமினார்.

"இறக்கு" என்றார். "மெதுவா."